வேட்டையை விட்ட ஊர்



ஒடிசா மாநிலத்தில் சிலிகா என்ற ஏரி இருக்கிறது. பெயர்தான் ஏரி. ஆனால் கடலோடு சேர்ந்தது. ஆற்று நீரும் கடல் நீரும் அதில் கலக்கின்றன. அதன் பரப்பு சுமார் 1,000 சதுர கிலோமீட்டர்.

ஆண்டுதோறும் குளிர்காலத்தில் லட்சக்கணக்கான பறவைகள் அங்கே வருகின்றன. வசந்தம் தொடங்கியதும் திரும்பிவிடுகின்றன. ஆகவே பிப்ரவரி கடைசியில் பலர் அங்கே பறவை பார்க்கப் போகிறார்கள்.

ஏரியின் வடக்கே மங்களஜோடி என்ற ஊர். விடியற்காலையில் படகு கிளம்புகிறது. மோட்டார் கிடையாது. மூங்கில் கழியால் தள்ளுகிறார்கள். இருபுறமும் நாணல். அதில் நீல நிறத் தாழைக்கோழி மேய்கிறது. சேற்றில் நீண்ட மூக்கை நுழைத்துப் புழு தேடுகிறது கருவால் மூக்கன். ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதக்கின்றன.

வழிகாட்டி கையை நீட்டிக் காட்டுகிறார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பறவையும் அவர் கண்ணில் படுகிறது. எப்படி?

அந்த ஊர் வழிகாட்டிகளில் பலர் முன்பு வேட்டைக்காரர்கள்! துப்பாக்கியால் சுட்டார்கள். விஷம் வைத்தார்கள். பிழைப்புக்காகப் பறவைகளை விற்றார்கள். பறவைகள் மிகவும் குறைந்துபோயின. 2000ஆம் ஆண்டு வாக்கில் வேட்டையை விடுவதென்று அவர்கள் உறுதி எடுத்தார்கள். காவலுக்குக் குழு அமைத்தார்கள். பறவைகள் மீண்டும் பெருகின.

பறவையைக் கொன்றால் ஒரு நாள் காசு. காத்தால் ஆண்டுதோறும் வருமானம். ஆனால் அந்த வருமானம் சில மாதங்களுக்குத்தான். பறவைகள் போன பிறகு வேறு வேலை தேட வேண்டும். அப்படியிருந்தும் அவர்கள் வேட்டையை விட்டார்கள். அதுதான் பெரிய காரியம்.

படகை விட்டு இறங்கினால் வயல்வெளி. மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஒடிசாவின் மாநிலப் பறவை.

ஏரியின் நடுவே நளபணா தீவு. மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். இது பறவைகள் சரணாலயம். பூநாரைகளைத் தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கடல் பக்கம் சதபடா. அங்கே மணல் திட்டுகளில் ஆலாக்கள் கூடுகின்றன. ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் முன்பு மணல் சேர்ந்துவிட்டது. கடல் நீர் வரத்துக் குறைந்தது. மீனும் குறைந்தது. 1993இல் சிலிகா ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்வளம் திரும்பியது. 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து சிலிகா நீங்கியது.

நண்பர்களே! சிலிகாவுக்கு வரித்தலை வாத்தும் வருகிறது. இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கும் அது வருகிறது. அந்த ஊர் மக்களும் பறவைகளைப் பாதுகாக்கிறார்கள்.

உங்கள் ஊர்க் குளத்துக்கு எந்தப் பறவைகள் வருகின்றன? நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். பெயர்களைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.