அளவை நூலுள் கவிதையின் இருக்கை



கவிதை பொய்யா என்னும் வினா நம் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு மொழியில் எழுதிய மெய்யியலாளர்கள் இதனை அளவை நூலுக்குள் வைத்தே ஆராய்ந்தனர். அலெக்சாந்திரிய உரையாசிரியர்களின் வழிநின்று, அரிஸ்டாட்டிலின் கவிதையியலையும் அளவை நூல்களுள் ஒன்றாகவே அவர்கள் கற்றனர்.

950ஆம் ஆண்டில் மறைந்த அல்ஃபாராபி, கவிதை பற்றிய சிறு நூலொன்றில் கூற்றுகளை ஐந்தாக வரிசைப்படுத்தினார். முழுதும் மெய்யானது மெய்ப்பிப்பு. பெரும்பாலும் மெய்யானது வாதம். மெய்யும் பொய்யும் சமமாய் அமைவது சொல்வன்மை. பொய் மிகுந்தது போலிவாதம். முழுதும் பொய்யானது கவிதை. கவிஞர்க்குக் கிடைத்தது கடைசி இருக்கை!

இதனை ஒத்த மற்றொரு வரிசையும் வழங்கிற்று. மெய்ப்பிப்பு தவிர்க்கவியலாததைப் பேசும். வாதம் பெரும்பாலும் நிகழ்வதைப் பேசும். சொல்வன்மை நிகழ்தலும் நிகழாமையும் ஒத்ததைப் பேசும். கவிதையோ நிகழவே இயலாததைப் பேசும் என்பது அது.

இப்னு சீனா (980-1037) தம் பிற்கால நூலாகிய 'அல்-இஷாராத்'தில் இவ்வரிசையைப் பொருட்படுத்த வேண்டா என்று மறுத்தார். நிகழக்கூடியதைப் பற்றியும் உறுதியான மெய்ப்பிப்பு உண்டு என்றார். பொருளின் நிலை வேறு. அதைப் பற்றிய நம் அறிவின் உறுதி வேறு. அவ்வாறே கவிதைக் கூற்று மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கேட்பவர் உள்ளத்தில் அது செய்யும் வினையே அதனைக் கவிதையாக்குகிறது. அவ்வினைக்குத் 'தக்யீல்' என்று பெயர். உளக்காட்சி எழுப்புதல் எனலாம். ஒரு கூற்றை மெய்யென ஏற்கும் உடன்பாட்டிற்குத் 'தஸ்தீக்' என்று பெயர்.

அவர் காட்டும் சான்று தேன். தேனைக் கக்கிய பித்தம் என்று ஒருவன் சொன்னால், அது பொய்யென அறிந்தும் நம் நா கூசுகிறது. உடன்பாடு பிறக்கவில்லை, உள்ளம் மட்டும் சுருங்கிவிடுகிறது.

கவிஞர் பெருமக்களே, பொய்யர் என்னும் பழியை இவ்விளக்கம் நீக்குகிறது; கூடவே ஒரு பொறுப்பையும் ஏற்றுகிறது. மக்கள் உடன்பாட்டினும் உளக்காட்சிக்கே மிகுதியும் வயப்படுவர் என்றும் இப்னு சீனா எழுதினார். எவரையும் நம்பவைக்காமலே தேனைக் கசக்கச் செய்யும் ஆற்றல் உங்கள் சொல்லுக்கு உண்டு. ஒரு மனிதனை, ஓர் இனத்தை இகழ்ந்து எழுதிய உவமை பொய்யென்று பின்னர் தெளிந்தாலும், அது விளைத்த அருவருப்பு எளிதில் அகலாது. ஆகவே, நடந்ததா, நடக்குமா என்று கவிதையைக் கேட்பதோடு நில்லாமல், இச்சொல் கேட்பவர் உள்ளத்தை எங்கே செலுத்துகிறது என்றும் கேட்போம்.