சங்கத்து ஏடுகளைக் காத்தல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



விழா மேடையிலே கணக்கேடு, கூட்டக் குறிப்பேடு என்று பேச வந்தால் பலருக்குக் கொட்டாவி வரும் என்பதை அறிவோம். ஆயினும் சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகின்றோம். ஏடு தொலைந்த பிறகு அதைப்பற்றிப் பேச எவரும் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை, நீதிமன்றமே அழைத்துக்கொள்ளும்.

தில்லையிலே தேவார ஏடுகள் இருந்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று அறையைத் திறப்பித்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது, பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று என்பது மரபு. இதை நாம் பக்தியோடு கேட்டுவிட்டுப் போகின்றோம். ஒரு காரியதரிசியின் கண்கொண்டு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. அந்த அறைக்குப் பூட்டுக் குறைவில்லை, முத்திரை குறைவில்லை. கள்வனுக்கு எதிரான காவல் இருந்தது. கறையானுக்கு எதிரான காவல்தான் இல்லை. மறைந்துபோன பண்முறையோ, ஏட்டிலிருந்தன்றி, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் நாவிலிருந்து மீண்டது என்பார்கள். வேறிடத்தில் ஒரு படி இருந்ததன் பயன் அது.

எஞ்சிய ஏடுகளிலே நம்முடைய ஊர்க் காரியமும் ஒன்று இருந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் திருக்கேதீச்சரம் இடிக்கப்பட்டு, அந்நிலம் காடாய்க் கிடந்தது. ஆனால் சம்பந்தரும் சுந்தரரும் மாதோட்டம் என்றும் பாலாவிக் கரை என்றும் இடங்குறித்துப் பாடிய இரண்டு பதிகங்கள் கடலுக்கு அப்பால் ஓதப்பட்டு வந்தன. 1872இல் ஆறுமுக நாவலர் அக்கோயிலை மீட்கவேண்டும் என்று எழுதியபோதும், 1893இல் அந்நிலம் ஏலத்தில் வாங்கப்பட்டபோதும், சாட்சியாய் நின்றவை அப்பதிகங்களே. நம்முடைய ஊரின் உறுதி அக்கரையில் பத்திரமாக இருந்தது என்று சொன்னாலும் தகும்.

எல்லாம் அப்படித் தப்பவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சிட்ட நூலை மறுபடி வாங்கலாம். ஒரே படியாய் இருந்த ஓலைச்சுவடியை எந்தக் கடையில் வாங்குவது? 1990இல் போரினால் இத்தீவைவிட்டு வள்ளமேறி இராமேசுவரம் சென்றவர்கள், மடுவிலே தஞ்சம் புகுந்தவர்கள், அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் சகோதரர்கள், இவர்களில் எத்தனையோ பேருக்குக் காணியுறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் எடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. எமக்கு இது கேள்விச் செய்தி. முன்வரிசையில் இருக்கும் பெரியோருக்கு அது கச்சேரிக்கு நடந்து தேய்ந்த செருப்பு.

அந்த அலைச்சலிலே சிலருக்குக் கைகொடுத்த முறை ஒன்று உண்டு. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலம் காணிக்காரனிடம் இருக்கும். ஒரு படி நொத்தாரிசிடம். இன்னொரு படி காணிப் பதிவகத்தில். இந்த முறையை வகுத்தவர் யாராயினும், அவர் கறையானை அறிந்தவராகவே இருக்கவேண்டும்.

இது பழங்காலத்துக் கவலை, இப்போதுதான் கணினி வந்துவிட்டதே என்று வாலிபர் சிலர் எண்ணக்கூடும். 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கணினிக் கொள்ளையர் தாக்கி, கடிதங்களைத் திறக்கமுடியாதபடி பூட்டிவிட்டனர். ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரை வந்துபோன கடிதங்கள் பல அலுவலகங்களுக்கு மீளவில்லை. மென்பொருள் பழையது, படியெடுத்தவையும் அதே இணைப்பிலே இருந்தமையால் கூடவே போயின, கழற்றித் தனியே வைத்த அண்மைக்காலப் படி இல்லை. தில்லையின் ஒற்றை அறைதான், மின்சாரத்தோடு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். குறிப்பேடு காரியதரிசி வீட்டு அலுமாரியில், பற்றுச்சீட்டுகள் தனாதிகாரியின் தகரப் பெட்டியில், அங்கத்தவர் இடாப்பு யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில். சங்கங்களில் இதுதான் வழக்கம். மிஷன் பாடசாலையில் படித்த நாம் அதிபரின் மேசையில் லொக் புத்தகம் என்ற ஒன்றைப் பார்த்து வளர்ந்தோம். அதிபர் மாற்றலாகிப் போவார். புத்தகம் அங்கேயே இருக்கும். இந்த ஒரு பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்வதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே: பதவி மாறும் நாளில், இன்ன இன்ன ஏடுகள் ஒப்படைக்கப்பட்டன என்று இருவரும் கையொப்பமிட்ட பட்டியல் வேண்டும். மூலம் சங்கத்தில் இருக்கட்டும். படமெடுத்த படி ஒன்று கணினியோடு இணையாத தட்டில் இருக்கட்டும். மற்றொன்று இத்தீவுக்கு வெளியே, வவுனியாவிலோ கொழும்பிலோ நம்பத்தக்க ஒருவரிடம் இருக்கட்டும். உப்புக் காற்றும் வெள்ளமும் பாலத்தைத் தாண்டி ஒரே நாளில் மூன்றையும் தேடிப் போகமாட்டா. ஆண்டுக்கொருமுறை அவற்றைத் திறந்து வாசித்துப் பார்க்கவும் வேண்டும். திறக்காத பெட்டியில் என்ன இருக்கிறதென்று கறையானுக்கு மட்டுமே தெரியும்.

காப்பதைப் போலவே மறைப்பதும் கடமை. அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கமும் உதவி பெற்ற குடும்பங்களின் பெயரும் வாட்சப் குழுவிலே உலாவக்கூடாது. தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, ஏழை வீட்டுக் கஷ்டம் சந்திக்கு வருவது முறையன்று.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1990க்கு முந்திய குறிப்பேடோ, நிழற்படமோ, விழா அழைப்பிதழோ உங்கள் பெட்டியடியில் கிடந்தால் ஒருநாள் இரவல் தாருங்கள். மூலத்தை எடுத்துச் செல்லமாட்டோம். உங்கள் விறாந்தையிலேயே இருந்து படமெடுத்துவிட்டு, உங்கள் கையிலேயே தந்துவிட்டு வருவோம்.