மந்திரியை வெட்டாத பெண்

(கோந்த்வாவில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆன்மிகம் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். எதைப் பற்றி வேண்டுமானாலும் பத்து நிமிஷம் பேசலாம் என்றார்கள். செஸ்ஸைப் பற்றி, அதிலும் நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

ரிடையர் ஆன பிறகு பிள்ளையோடு இங்கே கோந்த்வாவில் இருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பேரனுக்கு செஸ் பைத்தியம். குடியிருப்புக் குழந்தைகள் மராத்தியில் ராணியை 'வஜீர்' என்பார்கள். நம் மந்திரி இவர்களுக்கு 'உண்ட்', அதாவது ஒட்டகம். யானை இரண்டு பாஷையிலும் யானைதான்.

செஸ்ஸில் முதல் நகர்த்தல் வெள்ளைக்கு. அந்த ஒரு சௌகரியத்தால் பெரிய போட்டிகளில் வெள்ளை நூற்றுக்கு 54 புள்ளி அளவில் பெறுகிறது. கறுப்பு பொறுமையாகத் தற்காத்துக் கொள்ளலாம். அல்லது ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துத் தாக்கலாம். நான் படித்தது பௌதிகம். இரண்டாவது வழி பென்சிலை முனையில் நிறுத்துவது மாதிரி. எந்தப் பக்கமும் விழலாம்.

பேரனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இரண்டாவது வழி. புடாபெஸ்ட் காம்பிட் என்று பெயர். கறுப்பு இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயைக் கொடுத்துவிடும். அதில் ஓர் அழகான பொறி உண்டு. ஏழாவது நகர்த்தலில் வெள்ளை தன் ஓரச் சிப்பாயால் கறுப்பு மந்திரியை மிரட்டும். கறுப்பு அதைக் கண்டுகொள்ளாமல், கொடுத்த சிப்பாய்க்கு ஈடாகக் குதிரையால் ஒன்றை எடுக்கும். வெள்ளை ஆசைப்பட்டு மந்திரியை வெட்டினால், அந்தக் குதிரை ஒரு தாவல், செக்மேட்! குதிரையை வெட்ட வேண்டிய சிப்பாய் நகர முடியாது. நகர்ந்தால் கறுப்பு ராணியின் குறி நேராக ராஜா மேல். குடியிருப்பில் நாலு பேரை இப்படி வீழ்த்தினான். எனக்கு ஒரே பெருமை. "அப்பா, ஒழுங்கா ஒரு ஓப்பனிங் சொல்லிக் குடுங்கோ" என்று பிள்ளை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு போட்டி. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் கோப்பை. எதிரே ஒரு சின்னப் பெண். அவள் மந்திரியைத் தொடவே இல்லை. நிதானமாகக் குதிரையைக் குதிரையால் வெட்டினாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. தோற்றான். ஆட்டோவில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி, "அவ எடுக்கலைன்னா என்ன பண்ணணும்னு ஏன் தாத்தா சொல்லலை? நான் இனிமே போட்டிக்குப் போகலை" என்றான். எத்தனையோ மேலதிகாரிகளுக்கு விளக்கம் எழுதியவன் நான். இதற்கு எழுத முடியவில்லை.

அப்புறம்தான் நம் விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டங்களை ஒழுங்காகப் பார்க்க உட்கார்ந்தேன். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு உலகப் பட்டப் போட்டி. மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் ஆனந்துக்குக் கறுப்பு. மெரான் என்ற முறையில், ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து, ராஜாவை நடுவிலேயே நிறுத்தி, அதே வழியை இரண்டு தடவை ஆடி இரண்டிலும் ஜெயித்தார். பார்க்க அசட்டுத் துணிச்சல். ஆனால் நீல்சன், காசிம்ஜானோவ், கல்கத்தா சூர்யசேகர் கங்குலி போன்றவர்கள் அவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே அலசியது அது.

அவருக்கே சறுக்கியதும் உண்டு. 2010இல் சோஃபியாவில் டோபலோவோடு முதல் ஆட்டம், கறுப்பு, குருன்ஃபெல்ட் முறை. தயாரித்து வைத்த வரிசை ஞாபகத்தில் குழம்பி, முப்பதே நகர்த்தலில் தோல்வி. (எழுபதைத் தாண்டிய எனக்கு இது பெரிய ஆறுதல்.) கடைசி ஆட்டத்திலும் கறுப்புதான். அன்று லாஸ்கர் தற்காப்பு என்ற பழைய, சாதுவான முறையை எடுத்தார். டோபலோவ் அவசரப்பட்டு மாட்டிக்கொண்டார்; பட்டம் ஆனந்திடமே இருந்தது.

இதைப் பேரனுக்குக் காட்டினேன். இருவருமாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். "அவ மந்திரியை எடுக்கலைன்னா" என்று முதல் பக்கத்தில் அவன் எழுதினான். அங்கிருந்து ஆரம்பித்தோம். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம். வெள்ளையிடம் இரண்டு மந்திரிகள் மிஞ்சும்போது கறுப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கே பதினைந்து நாள் ஆனது. நான் மறப்பதை அவன் திருத்துவான்.

போன மாதம் மறுபடி ஒரு போட்டிக்குப் போனான். புடாபெஸ்ட்தான் ஆடினான். எதிரி மந்திரியை வெட்டவில்லை. ஐம்பது நகர்த்தலுக்கு மேல் ஆடி டிரா செய்தான். ஆட்டோவில் வீடு வரும்வரை வாய் ஓயவில்லை.