கோணற் காயும் கிணற்று நீரும்



ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய நம் ஊர்களில் ஆறு இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாய் நிற்கின்றது. மிகையாய் இறைத்தால் கிணறு உவராகும். நம் வளவுக் கத்தரியும் பாகலும் அந்நீர் குடித்தே காய்க்கின்றன. ஆகவே கோணலென்று ஒரு காயை எறியும்போது நன்னீரையே எறிகின்றோம். 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி தொன் என்பது ஐக்கிய நாடுகளின் கணக்கு. அதிற் பெரும்பங்கு வீடுகளிலிருந்தே.

புழுக் குத்திய பகுதியை வெட்டி வாழையடியில் தாழ்ப்போம். நல்ல பகுதியைக் கறியாக்குவோம். மிஞ்சியதை உப்பிட்டு வற்றலாக்குவோம். பனங்கிழங்கை ஒடியலாக்கிச் சேமித்த மூத்தோரின் மக்களுக்கு இது புதிதன்று. வரும் மாரிக்கு வீட்டுக்கொரு பாத்தி கொத்துவோம். விளைவதில் ஒன்றையும் வீணாக்கோம்.