மருத்துவம் அடுப்படிக்கு வரட்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

இன்று நான் வணக்க வழிபாடுகளைப் பற்றிப் பேச வரவில்லை. நமது அடுப்படிகளைப் பற்றியும், நமக்கு வைத்தியம் பார்ப்பவர்களைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. நான் சென்ற மருத்துவ நிலையத்தில் அச்சிட்ட உணவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், பகலில் ஒரு கிண்ணம் சோறு, இடையில் ஓர் ஆப்பிள் என்று அதில் இருந்தது. நல்ல பட்டியல்தான். ஆனால் நீங்கள் அறிவீர்கள், எனக்கு உங்கள் வீடுகளிலிருந்து முறை வைத்துச் சாப்பாடு வருகிறது. இமாமுக்கு அனுப்பும் உணவு என்பதால், உங்கள் வீட்டில் அன்றாடம் உண்பதைவிட ஒரு கரண்டி நெய் கூடுதலாகவே இருக்கும். அந்த அன்புக்கு முன்னால் அந்தப் பட்டியலை நான் எப்படி நீட்டுவேன்? மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சர்க்கரையும் ஏறிக்கொண்டே போனது.

பிறகு ஒரு செவிலியச் சகோதரி என்னிடம், “ஐயா, உங்களுக்கு யார் சமைத்துத் தருகிறார்கள்?” என்று கேட்டார். அதுவரை எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அவர் நமது தாய்மார்கள் சிலரோடு அமர்ந்து பேசினார். “எந்த உணவில் எவ்வளவு சத்து என்று படித்திருக்கிறேன். ஆனால் தால்ச்சா எப்படிச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது, சொல்லித் தாருங்கள்” என்று மனம் திறந்து கேட்டார். கற்றுக்கொண்ட பின், அதே தால்ச்சாவில் பருப்பையும் கேரட்டையும் பீன்ஸையும் கூட்டி, எண்ணெயைக் குறைத்து, சோற்றைப் பாதியாக்க வழி சொன்னார். மருத்துவர் தந்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை. உணவும் சீரானபோது சில மாதங்களில் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றே. சட்டியை அறியாதவர் சொல்லும் ஆலோசனை சட்டிக்குள் போய்ச் சேராது.

அன்புக்குரியவர்களே! இது நமது மலைக்குப் புதிய பாடம் அன்று. நமக்குக் கீழே சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில் குன்னூர் இருக்கிறது. அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் உணவுக் குறைவால் வரும் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்திய நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை அதிகமாகவும், பாலையும் காய்கறியையும் மிகக் குறைவாகவும் உண்டவை நலிந்தன.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட் என்பவர், நமது நாட்டு உணவுப் பொருள்களின் சத்துகளைப் பகுத்தறிந்து 1937இல் நூலாக வெளியிட்டார். சுகாதாரப் பணியாளர்களுக்கு உணவியல் பயிற்சியும் குன்னூரில் அளிக்கப்பட்டது. அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நாடு முழுவதற்கும் உணவுப் பாடம் சொல்லிக் கொடுத்த மலை நம்முடைய மலை!

இன்று வெளிநாடுகளில் மருத்துவ மாணவர்களையே சமையலறைக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள டுலேன் பல்கலைக்கழகம், மருத்துவம் பயில்வோருக்குச் சமையல் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒரு மையத்தை நடத்தி வருகிறது. காய் நறுக்கவும் பருப்பு வேக வைக்கவும் அறிந்த மருத்துவரின் சொல்லுக்கு நோயாளியிடம் தனி மதிப்பு உண்டு.

அங்கே அவர்கள் தங்கள் ஊர் உணவைக் கற்கிறார்கள். இங்கே நமது ஊர் உணவைக் கற்க வேண்டும். சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே பருப்பு வேக நேரமாகும்; எரிவாயு செலவாகும். “தினமும் பயறு சாப்பிடுங்கள்” என்று மட்டும் சொன்னால் போதாது. முதல் நாள் இரவே ஊற வைத்துக் குக்கரில் வேக வைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமது பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுக்கிறார்கள். நமது சகோதரிகளோ அதைத் தேநீரோடு விழுங்குகிறார்கள்! தேயிலையின் துவர்ப்பு, இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரையில் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் இதை அறியாமல் வைத்தியம் பார்க்க இயலுமா? இனிப்புத் தேநீரும் வர்க்கியும் ஒரு நாளைக்கு எத்தனை முறை உள்ளே போகின்றன என்று கேட்காமல், சோற்றை மட்டும் குறைக்கச் சொல்லி என்ன பயன்?

நமது நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, கொத்துக்கறி, தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே சட்டியில் சேர்கின்றன. அரிசியைச் சற்றுக் குறைத்துப் பருப்பையும் மலைக் காய்கறிகளையும் கூட்டினால் சர்க்கரை நோயாளிக்கும் அது ஏற்றதாக அமையும். கஞ்சியோடு வரும் வடையும் சமோசாவும்தான் எண்ணெயைச் சுமந்து வருகின்றன. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை மிம்பரில் சொல்கிறோம். இஃப்தார் விரிப்பில் மறந்துவிடுகிறோம்.

ஜமாஅத்தார்களே! 2022ஆம் ஆண்டு முதல் நமது நகரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் நமது வாசலுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். வாசல் வரை வந்தவர்களை அடுப்படி வரை அழைப்பது நமது கடமையல்லவா?

எனவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். வரும் ரமளானுக்கு முன்பாக, கஞ்சி காய்ச்சும் நமது கூடத்தை மாதம் ஒரு நாள் செவிலியர்களுக்கும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், விரும்பும் மருத்துவ மாணவர்களுக்கும் திறந்துவிடுவோம். நமது தாய்மார்கள் சமைத்துக் காட்டட்டும். அவர்கள் சத்தையும் அளவையும் எடுத்துச் சொல்லட்டும். இரு தரப்பும் ஆசிரியர்கள், இரு தரப்பும் மாணவர்கள். காந்தலில் வாழும் எல்லாச் சமயத்துச் சகோதரிகளும் கலந்துகொள்ளட்டும். படகர் வீட்டு அவரைக்காய்க் குழம்பையும் ராகிக் களியையும் நாமும் கற்றுக்கொள்வோம். பருப்புக்கும் காய்க்கும் ஆகும் செலவு, நமது ஒரு விருந்தில் மிஞ்சிப் போகும் பிரியாணிச் சட்டியின் விலையைத் தாண்டாது.

இறுதியாக, எனக்கு முறைச் சாப்பாடு அனுப்பும் இல்லங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அன்பைக் குறைக்க வேண்டாம். நெய்யை மட்டும் குறையுங்கள்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக! நமக்கு மருத்துவம் செய்யும் கரங்களுக்கும், சமைத்துத் தரும் கரங்களுக்கும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.