குடியிருக்கிறவர் வாய் திறக்காமலே



கிழக்கு லண்டனில் உள்ள நியூகாம், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். தமிழ்க் கடைகள் இருக்கிற ஈஸ்ட்ஹாம் இதில்தான் அடங்கும். வீட்டின் பின்புறம் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற கொட்டகையில்கூடக் கட்டிலைப் போட்டு வாடகைக்கு விட்ட ஊர் இது.

2013 ஜனவரியில் நியூகாம் கவுன்சில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. தனியார் யாராக இருந்தாலும், வீட்டை வாடகைக்கு விட உரிமம் வாங்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் தந்த அதிகாரம் இது. ஆனால் தன் எல்லை முழுவதற்கும் அதைக் கொண்டுவந்த முதல் இங்கிலாந்துக் கவுன்சில் நியூகாம்தான்.

சுவரில் ஓதம் ஏறிப் பூசணம் பிடித்தால் குடியிருக்கிறவர் புகார் கொடுக்கலாமே, உரிமம் எதற்கு என்று கேட்கலாம். புகார் கொடுக்கத்தான் பயம். அன்றைய சட்டப்படி, காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். கைக்குழந்தையோடு இருப்பவர், மொழி புரியாதவர் எப்படிப் புகார் கொடுப்பார்? 2025-இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்த வழியை அடைக்கிறது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் பயம் போய்விடாது.

உரிமம் இருந்தால், குடியிருக்கிறவர் வாய் திறக்காமலே கவுன்சில் அதிகாரி கதவைத் தட்ட முடியும். மாடிக்கு மாடி புகை அலாரம் இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதா, எரிவாயுச் சாதனங்களுக்கு இந்த வருஷத்துச் சான்றிதழ் எங்கே, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று பார்ப்பார். பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். உரிமம் இல்லாமல் வாடகை வாங்கினால் அபராதம் உண்டு. வாங்கிய வாடகையையே திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

இந்தச் செலவு கடைசியில் வாடகையில்தான் ஏறும் என்பது வீட்டுக்காரர்கள் சொல்லும் குறை. நியூகாமில் முதலில் வாங்கிய முழுக் கட்டணம் 500 பவுண்டு. முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு 150. உரிமம் ஐந்து வருஷம்வரை செல்லும். முழுக் கட்டணமே ஆனாலும் மாதத்துக்கு ஒன்பது பவுண்டுகூட ஆகாது. வீட்டை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு இது பெரிய பாரம் அல்ல.

ஆனால் ஒன்று. கட்டணத்தை வாங்கிக்கொண்டு காகிதத்தை நீட்டுவதோடு கவுன்சில் நின்றுவிட்டால், இது இன்னொரு வரிதான். படியேறிப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். தவறு செய்தவர் மேல் வழக்குப் போடத் துணிவு வேண்டும்.

இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் நேயர்களே, உரிமப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உரிமம் கட்டாயமான பகுதியா உங்களுடையது என்று கவுன்சிலைக் கேளுங்கள். ஆமென்றால், உங்கள் முகவரி பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.