கைப்பு நீங்கிய தானியம்



தென் அமெரிக்காவிலே, பெரு, பொலிவியா என்னும் இரு நாடுகளுக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,800 மீற்றர் உயரத்தில் தித்திகாகா என்னும் பேரேரி பரந்து கிடக்கின்றது. நெல் விளையாத அக்குளிர்ந்த மேட்டுநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்களை ஊட்டி வளர்த்து வருவது கினோவா என்னும் சிறுமணியாகும். தோற்றத்தில் சாமையை ஒத்ததாயினும் அது புல்லினத்தைச் சார்ந்ததன்று; பீற்றூட்டுக்கு உறவான ஒரு செடியின் விதை.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாடுகளைக் கைப்பற்றிய பின்னர், கோதுமைக்கு ஏற்றம் உண்டாயிற்று. கினோவாவோ மலைநாட்டு ஏழையின் உணவென்று நெடுங்காலம் இகழப்பட்டது. 2013ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலகக் கினோவா ஆண்டாகக் கொண்டாடிற்று. இகழப்பட்ட தானியத்தை உலகம் விலை கொடுத்துத் தேடலாயிற்று. அதற்குக் காரணமும் உண்டு. 100 கிராம் கினோவாவில் ஏறக்குறைய 14 கிராம் புரதம் இருக்கின்றது. வெள்ளையரிசியில் இருப்பது அதிற் பாதியளவே.

ஆயினும், சத்து மிகுந்ததென்பதற்காக மாத்திரம் எவரும் ஓர் உணவை நாள்தோறும் உண்பதில்லை. வைத்தியர் சொற்கேட்டு வாங்கி, ஒருமுறை சமைத்து, கைக்கின்றதென்று ஒதுக்கிவிட்டால், பணமும் வீண். நோயாளிக்குப் பயனும் இல்லை.

அக்கைப்புக்குக் காரணம், மணியின் மேற்றோலில் உள்ள சபோனின் என்னும் பொருள். அது சவர்க்காரம்போல் நுரைக்கும். மலைநாட்டுப் பெண்கள் மணியைத் தேய்த்து, நுரை அடங்கும்வரை பல நீரிற் கழுவுவர். கழுவாத மணியை எத்தாளிதமும் காப்பாற்றாது. கழுவி வடித்த மணியைச் சற்றே வறுத்து, ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பை நீர் வார்த்து, மூடி, மெல்லிய நெருப்பில் 15 நிமிடம் வேகவிடவேண்டும். மணியிலிருந்து வெண்ணிற நூல்போன்ற முளை சுருள் அவிழ்ந்தால் பதம் அதுவே. இறக்கி 5 நிமிடம் மூடிவைத்தால் உதிரியாக நிற்கும்.

பொலிவிய மக்கள் அதனைக் குழைய வேகவைத்துப் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்து உண்பர். தக்காளியும் மிளகாயும் அம்மிபோன்ற கல்லில் அரைத்துத் தொட்டுக்கொள்வர். இலங்கைச் சமையலறையில், நல்லெண்ணெயில் கடுகு, நற்சீரகம், உள்ளி, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இறக்கியபின் தேசிப்புளி பிழிந்தால், உப்பைக் குறைத்தாலும் சுவை குன்றாது.

விலை எட்டாதவர் வருந்தவேண்டியதில்லை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் இருக்கின்றது. அதுவும் ஏழையின் உணவென்று இகழப்பட்டதே. 2023ஆம் ஆண்டு சிறுதானியங்களின் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோதே பலர் அதனை மீண்டும் நினைத்தனர். தூரதேசத்து மணிக்குக் காட்டும் பொறுமையையும் பக்குவத்தையும் வீட்டுக் குரக்கனுக்கும் சாமைக்கும் காட்டினால், நலம் தரும் உணவு எல்லார் இல்லத்துக்கும் எட்டும்.